கொய்யாவிலும் இருக்கிறது... குடித்தால் கண்ணைப் பறிக்கிறது!

கொய்யாப் பழத்தைக் கடித்துச் சாப்பிடுகிறோம். தக்காளியை நறுக்குகிறோம். வாசல் மாடத்தில் துளசி புதிதாகத் தளிர் விடுகிறது. இந்த மூன்றிலும் ஒரே பொருள் துளித்துளியாக இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அதே பொருள்தான் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது என்றால்..?

"என்ன டாக்டர், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்களே!" என்கிறீர்களா? இந்த முடிச்சு நான் போட்டதல்ல. இயற்கையே போட்டு வைத்தது. அந்தப் பொருளின் பெயர் மெத்தனால். மெத்தில் ஆல்கஹால் என்றும் சொல்வார்கள்.

கள்ளச்சாராயச் சாவுச் செய்தியைப் பேப்பரில் படிக்கும்போது நம்மில் பலரும் 'உச்' கொட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். 'அது குடிகாரர்கள் சமாசாரம், நம்ம வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்கிற நினைப்பு. ஆனால் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் வைத்தியம் பார்க்கிற எனக்கு அப்படி இருக்க முடியவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் என்று சுற்றிலும் தொழிற்பேட்டைகள். மூட்டு வலிக்கு எண்ணெய் வாங்க வருகிற அம்மா, "எங்க பெரியவன் கெமிக்கல் கம்பெனியிலதான் இருக்கான் டாக்டர்" என்பார். கூட வருகிற மருமகள், "ஸ்பிரிட்டுல மெஷின் துடைக்கிறாராம், வந்தா தலைவலின்னு படுத்துடறார்" என்பார். அந்த 'ஸ்பிரிட்' எந்த ஸ்பிரிட் என்று கேட்டால் பதில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அண்ணன் வேறு, தம்பி வேறு

ஆல்கஹால் என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை. ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் இரண்டு பேரைப் பார்த்தால் போதும். ஒருவன் எத்தனால். கள்ளிலும், மதுபானங்களிலும், நல்ல கிருமிநாசினிகளிலும் இருப்பவன். இன்னொருவன் மெத்தனால். குடும்பத்திலேயே சின்னவன். எத்தனாலில் இரண்டு கார்பன் அணுக்கள் என்றால், மெத்தனாலில் ஒன்றே ஒன்று.

பார்க்க இரண்டும் தண்ணீர் மாதிரி நிறமற்று இருக்கும். இரண்டும் தண்ணீரோடு அப்படியே கலந்துவிடும். வாசனையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மெத்தனால் 65 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே கொதித்துவிடும். ஆய்வுக்கூடத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். நம் மூக்கும் நாக்கும் கண்டுபிடிக்காது. 'கொளுத்திப் பார்த்தா நீலமா எரிஞ்சா நல்ல சரக்கு' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தத் தவறு! மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். அதுவும் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வெளிறிய நீலம்.

இந்தத் தம்பியை முதலில் பிரித்தெடுத்தது மரத்திலிருந்து. சித்த மருத்துவத்தில் குழித்தைலம் இறக்குவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அடியில் துளையிட்ட பானையில் சரக்கைப் போட்டு, வாயை மூடிச் சீலைமண் செய்து, குழிக்குள் வைத்த பாத்திரத்தின் மேல் பொருத்தி, சுற்றிலும் எருவராட்டி அடுக்கிக் கொளுத்துவோம். காற்றில்லாமல் வெந்த சரக்கிலிருந்து சத்து கீழே சொட்டும். ஏறக்குறைய அதே தத்துவம்தான். கட்டையைக் காற்றுப் படாமல் சுட்டால் புகை வரும். புகையைக் குளிர வைத்தால் நீர் வரும். அந்த நீரில் மெத்தனாலும் இருக்கும். ராபர்ட் பாயில் 1661ல் மரத்திலிருந்து இதைப் பிரித்தார். 1834ல் பிரான்சில் டூமா, பெலிகோ என்ற இருவர் இது இன்னதென்று ஆராய்ந்து சொன்னார்கள். கிரேக்க மொழியில் மது, மரம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து அவர்கள் வைத்த பெயரிலிருந்து வந்ததுதான் 'மெத்தில்'. 'மர ஆல்கஹால்' என்ற பழைய பெயரும் இதனால் வந்ததே.

இன்றைக்கு மரத்தைச் சுட்டு யாரும் இதை எடுப்பதில்லை. இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெரிய ஆலைகளில் லட்சக்கணக்கான டன் தயாராகிறது. பிளைவுட் ஒட்டும் பிசின், பெயின்ட், தின்னர், மருந்துத் தயாரிப்பு, பயோடீசல் என்று அது போகாத இடம் இல்லை. தொழிலுக்கு அது வேண்டிய பொருள். அதில் சந்தேகமே இல்லை.

இலை விடும் மூச்சில்...

சரி, கொய்யாவுக்கு எப்படி வந்தது?

செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரில் பெக்டின் என்று ஒரு பொருள் இருக்கிறது. வீட்டில் ஜாம் காய்ச்சுகிறோமே, அது கெட்டியாவதற்குக் காரணம் இந்த பெக்டின்தான். கொய்யாவில் இது நிறைய. இலை வளரும்போதும், காய் பழுக்கும்போதும் செடி இந்தச் சுவரைத் திருத்தி அமைக்கிறது. அப்போது பெக்டினிலிருந்து மெத்தனால் கழன்று வருகிறது. காலையில் இலையின் நுண்துளைகள் திறந்ததும் அது காற்றில் கலந்துவிடும். உலகத்துச் செடிகொடிகள் எல்லாம் சேர்ந்து விடும் இந்த ஆவி கொஞ்ச நஞ்சமல்ல. காற்று மண்டலத்தில் மீத்தேனுக்கு அடுத்தபடியாக மிகுந்திருக்கும் கரிமப் பொருள்களில் மெத்தனாலும் ஒன்று.

வீணாகப் போகிறதா? இல்லை. இலையின் மேலேயே குடியிருக்கிற இளஞ்சிவப்பு நிற பாக்டீரியா ஒன்று அந்த மெத்தனாலைச் சாப்பிட்டு வாழ்கிறது. பதிலுக்குச் செடிக்கு வளர்ச்சி ஊக்கிகளைத் தருகிறது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த பாக்டீரியாவைத் திரவமாகவே தயாரித்து, பயிர் வறட்சியைத் தாங்குவதற்கு இலைவழித் தெளிப்பாகச் சிபாரிசு செய்கிறது. நம் மாவட்டத்துத் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அந்தப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் 'பிபிஎப்எம்' என்று பெயர் சொல்வார்கள். ஒருவனுக்கு விஷம், இன்னொருவனுக்கு விருந்து!

நம் உடம்பிலும் இது உண்டு. பழத்திலுள்ள பெக்டினைக் குடல் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது கொஞ்சம் மெத்தனால் உண்டாகிறது. நாம் விடும் மூச்சிலும் மிகச் சிறிய அளவில் அது இருக்கிறது.

"அய்யய்யோ, அப்ப பழம் சாப்பிடக் கூடாதா டாக்டர்?" என்று பதற வேண்டாம். கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பழச்சாற்றில் 100 மில்லிகிராம் மெத்தனால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளைக் கொல்லக்கூடிய அளவு என்று சொல்லப்படுவது சுமார் 30 மில்லி. எடையில் அது 24 கிராம், அதாவது 24,000 மில்லிகிராம். அந்த அளவுக்குச் சாறு குடிக்க வேண்டுமென்றால் 240 லிட்டர் வேண்டும்! பழத்தில் வரும் துளியை உடம்பு வந்த வேகத்திலேயே எரித்துத் தள்ளிவிடும். தாராளமாகப் பழம் சாப்பிடுங்கள்.

ஆபத்து, வாய் நிறைய வரும்போதுதான்.

விஷத்தை நம் உடம்பே தயாரிக்கிறது!

இங்கேதான் கவனிக்க வேண்டும். மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் செய்வது லேசான போதை, தலைவலி, அவ்வளவுதான். சாதாரண சாராயத்தைவிடப் போதை குறைவு என்றுகூடச் சொல்லலாம். குடித்தவர் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், படுத்துத் தூங்குவார். யாருக்கும் சந்தேகம் வராது.

அவர் தூங்கும்போது கல்லீரல் தூங்காது. உள்ளே வந்த ஆல்கஹாலை உடைப்பது அதன் வேலை. மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. மருத்துவக் கல்லூரிகளில் பிணத்தைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் இருக்கிறதே, அதன் மூலப்பொருள். அது நிற்காமல் உடனே ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பு கடித்தால் சுரீரென்கிறதே, அந்த அமிலம். எறும்பு வைப்பது ஒரு துளியிலும் துளி. இங்கே ரத்தம் முழுக்க அது தேங்கி நிற்கும். அதை உடைக்க ஃபோலிக் அமிலச் சத்து வேண்டும். மனித உடம்பில் அந்த வேலை மிக மெதுவாகவே நடக்கும்.

தேங்கிய ஃபார்மிக் அமிலம் செல்லுக்குள் புகுந்து, அது ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் கட்டிப்போடுகிறது. மூச்சு ஓடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது. ஆனாலும் செல் மூச்சு முட்டிச் சாகிறது. சக்தி அதிகம் தேவைப்படுகிற உறுப்புக்கு முதல் அடி. அது கண் நரம்பு. அதனால்தான் 'புகை மூட்டமா தெரியுது', 'வெள்ளையா பனி கொட்டற மாதிரி இருக்கு' என்பார்கள். சுமார் 10 மில்லி, அதாவது இரண்டே டீஸ்பூன், சிலருக்குப் பார்வையைப் பறிக்கப் போதும்.

இதெல்லாம் நடக்க 12 மணி முதல் 24 மணி நேரம் ஆகலாம். கூடவே சாதாரண மதுவும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். காரணம், கல்லீரல் எத்தனாலைத்தான் முதலில் உடைக்கும். மெத்தனால் தன் முறைக்காகக் காத்திருக்கும். 'கூடக் குடிச்ச நாலு பேரும் நல்லாத்தானே இருக்காங்க' என்று ஏமாறுவது இதனால்தான்.

இந்த இடைவெளியை எமன் தரும் தவணை என்றும் சொல்லலாம், கடவுள் தரும் தவணை என்றும் சொல்லலாம். வீட்டிலேயே படுக்க வைத்தால் முன்னது. ஆஸ்பத்திரிக்கு ஓடினால் பின்னது.

பண்ருட்டி முதல் கருணாபுரம் வரை

2001 இறுதியில் பண்ருட்டிப் பகுதியில் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டவர்கள். 2024ல் கருணாபுரம். அதே 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில் வெளிநாட்டுப் பயணிகள் 6 பேர் இறந்தார்கள். அவர்களில் பத்தொன்பது வயதுப் பெண்களும் உண்டு. ஏழை, பணக்காரர் என்று மெத்தனால் பார்ப்பதில்லை.

பலரும் நினைப்பது போல, சாராயம் காய்ச்சும்போது பதம் தவறியதால் வந்த சாவுகள் அல்ல இவை. காய்ச்சும் சாராயத்தில் மெத்தனால் மிகக் குறைவாகவே வரும். இத்தனை பேரைக் கொல்ல அது போதாது. தொழிற்சாலை மெத்தனாலைத் தண்ணீரில் கலந்து பாக்கெட் போட்டு விற்றதுதான் காரணம். 2023 சம்பவத்தில் மெத்தனால் எங்கிருந்து போனது என்று போலீஸ் துருவியபோது, நம்ம பக்கத்து வானகரத்திலிருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் போய் நின்றது. மரக்காணம் எங்கே, வானகரம் எங்கே! ஒரு கம்பெனியின் பின்வாசல் வழியே போகிற நாலு பீப்பாய், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மீனவர் குப்பத்தைச் சுடுகாடாக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மெத்தில் ஆல்கஹாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1959லேயே விதிகள் வந்துவிட்டன. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, 2024 ஜூனில் சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. உயிர்ப்பலி நேர்ந்தால் ஆயுள் தண்டனை, குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம் என்றானது. நல்லதுதான். ஆனால் சட்டம் வருவதற்கு முன்னால் பிணம் வந்துவிடுகிறதே... கம்பெனி ஸ்டோரில் கணக்கு எழுதுகிறவரும், செக்யூரிட்டியும், லாரி டிரைவரும் நம்மைப் போலக் குடும்பஸ்தர்கள்தான். 'ரெண்டு கேன் குறைஞ்சா என்ன' என்று அவர்கள் நினைக்காமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

குடிக்காதவருக்கும் வரும்

"என் பையன் பீடி, சிகரெட்கூடத் தொட மாட்டான் டாக்டர். அவனுக்கென்ன பயம்?"

நியாயமான கேள்வி. தென்கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள். 2015-16ல் செல்போன் உதிரிபாகம் செய்கிற சின்னச் சின்ன ஒப்பந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்த இளைஞர்கள் சிலருக்குத் திடீரென்று பார்வை போனது. இருபது, முப்பது வயதுக்காரர்கள். ஒரு சொட்டு குடிக்கவில்லை. அலுமினியம் வெட்டும் மெஷினில் சூடு தணிக்க எத்தனால் ஊற்ற வேண்டிய இடத்தில், விலை குறைவு என்று மெத்தனால் ஊற்றியிருந்தார்கள். காற்றோட்டம் கிடையாது. சரியான கையுறை கிடையாது. ஏஜென்சி மூலம் வந்த பிள்ளைகளுக்கு அது என்ன திரவம் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆவி மூச்சு வழியாகப் போனது, திரவம் தோல் வழியாக ஊறியது. கண் போனது.

கும்மிடிப்பூண்டியிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏராளம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள், பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள், டிப்ளமா முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்கள்... உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இன்று ராத்திரி சாப்பிடும்போது இதைக் கேளுங்கள்:

'நீ கையாள்கிற ஸ்பிரிட்டின் பெயர் என்ன?' லேபிளில் மெத்தனால், மெத்தில் ஆல்கஹால், கார்பினால், உட் ஆல்கஹால், உட் ஸ்பிரிட் என்று எது இருந்தாலும் ஒன்றேதான். பேரலிலோ டேங்கரிலோ 1230 என்ற எண் இருந்தால் அதுவும் மெத்தனால்தான். உலகம் முழுக்க அதற்கு அந்த எண்.

'வேலை செய்யும் இடத்தில் ஆவியை உறிஞ்சும் ஃபேன் இருக்கிறதா?' எட்டு மணி நேர வேலையில், பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்குக்கு மேல் மெத்தனால் ஆவி இருக்கக் கூடாது என்பது பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு. வாசனை அடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது; மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே அளவு மீறியிருக்கலாம்.

'கையுறை என்ன கையுறை? முகத்தில் என்ன?' துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. வேலை முடிந்து வந்தால் தினமும் தலைவலி, கிறுகிறுப்பு, கண் மங்கல் என்றால் 'வெயில்ல அலைஞ்ச சூடு' என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடாதீர்கள். சூபர்வைசரிடமும் கம்பெனி டாக்டரிடமும் சொல்லச் சொல்லுங்கள். கண் டாக்டரிடமும் காட்டுங்கள்.

தீயும் மறக்கக் கூடாத ஆபத்து. 12 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் திரவம் இது. நம் ஊர் மார்கழிக் குளிர்கூட அதற்குக் கீழே போகாது. சென்னை - கல்கத்தா நெடுஞ்சாலையில் டேங்கர் கவிழ்ந்தால், குடத்தையும் கேனையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற வழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். பகலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. சுட்ட பிறகே தெரியும்.

வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்

பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னர், மேஜைக்குப் பாலிஷ் போட்டவர் விட்டுப்போன ஸ்பிரிட், பெயர் தெரியாத கம்பெனியின் சானிடைசர்... கொரோனா சமயத்தில், 2020ல், மெத்தனால் கலந்த சானிடைசர்கள் பற்றி அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டது. அதே ஆண்டு ஈரானில், 'ஆல்கஹால் குடித்தால் கொரோனா வராது' என்ற புரளியை நம்பிக் கள்ளச்சரக்கு குடித்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

தாய்மார்களே, ஒன்று செய்யுங்கள். இந்த மாதிரித் திரவம் எதையும் தண்ணீர் பாட்டிலிலோ, கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். விளையாடிக் களைத்து வருகிற குழந்தை எந்த பாட்டில் என்று பார்க்காது. பெரியவர்களுக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் குழந்தைக்கு அதைவிடக் குறைவே போதும்.

உடனே என்ன செய்ய வேண்டும்?

யாராவது கள்ளச்சாராயமோ, என்னவென்று தெரியாத ஸ்பிரிட்டோ குடித்திருக்கிறார் என்று தெரிந்தால்:

* 108ஐக் கூப்பிடுங்கள். கண் மங்கும்வரை காத்திருக்காதீர்கள். 'நல்லாத்தான் இருக்கார்' என்பதை நம்பாதீர்கள். ஒருவருக்கு வந்துவிட்டால், கூடக் குடித்த அத்தனை பேரையும் அழைத்துப் போங்கள்.

* வாந்தி, வயிற்று வலி, வேகமாக மூச்சு வாங்குதல், பார்வை மங்கல் ஆகியவை ஆபத்து அறிகுறிகள். 'ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல' என்று ஒதுக்காதீர்கள்.

* மிச்சமிருக்கும் பாட்டில், பாக்கெட்டை எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். எப்போது, எவ்வளவு குடித்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். போலீஸ் பயம், மானப் பிரச்னை எல்லாம் அப்புறம். வெட்கப்பட்டு மறைத்த இரண்டு மணி நேரத்துக்கு விலை இரண்டு கண்.

* உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மெத்தனால் சீக்கிரமே ரத்தத்தில் சேர்ந்துவிடும். சில மணி நேரம் கழித்து வாந்தி எடுப்பதில் பலன் இல்லை. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

* மேலே கொட்டிவிட்டால் நனைந்த உடையைக் களைந்து, தோலையும் கண்ணையும் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு டாக்டரிடம் போங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? ரத்தத்தில் ஏறிய அமிலத்தைத் தணிக்க சோடியம் பைகார்பனேட் ஏற்றுவார்கள். மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறாமல் தடுக்க ஃபோமிபிசோல் என்ற மருந்து உண்டு. அது இல்லாவிட்டால், அளந்து அளந்து எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பார்கள். அண்ணனை அனுப்பித் தம்பியைக் காத்திருக்க வைக்கிற தந்திரம்! அமிலம் சீக்கிரம் உடைய ஃபோலிக் அமில வகை மருந்து. கடைசியாக டயாலிசிஸ், மெத்தனாலையும் அமிலத்தையும் ரத்தத்திலிருந்தே வடித்து எடுத்துவிடும்.

'ஓஹோ, எத்தனால்தான் மருந்தா? அப்ப கடையில ஒரு குவார்ட்டர் வாங்கி ஊத்திட்டா?' என்று யாரும் வீட்டில் ஆரம்பித்துவிடாதீர்கள். ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்து, மணிக்கணக்கில் கொடுக்கிற சிகிச்சை அது. மயக்கம் கூடி மூச்சு நின்றுவிட்டால் யார் பார்ப்பது?

டயாலிசிஸ் தேவைப்படலாம் என்பதால், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்தவர்கள் முதலுதவி முடிந்ததும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. சென்னையில் ஸ்டான்லியும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன. நம் மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

"உங்க வைத்தியத்துல முறிவு மருந்து இல்லையா டாக்டர்?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காமல் விட மாட்டீர்கள் என்று தெரியும். சித்த மருத்துவக் கல்லூரியில் 'நஞ்சு நூல்' என்று தனிப் பாடமே படித்திருக்கிறோம். எந்த நஞ்சுக்கு என்ன குறிகுணம், எது முறிவு என்று வரிசையாக வரும். அதைப் படித்தவன் என்கிற முறையிலேயே சொல்கிறேன். மெத்தனால் குடித்தவருக்கு முதல் நாளில் கஷாயம், சூரணம், எலுமிச்சைச் சாறு, மோர், இளநீர், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். ரத்தத்தில் ஏறிய அமிலத்தை வடிக்கிற வேகம் இவற்றுக்குக் கிடையாது. கீரையில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது என்பதற்காகக் கீரை மசியல் ஊட்டிக்கொண்டு உட்கார முடியுமா? இதற்கு மருந்து தருகிறேன் என்று யாராவது, எந்த வைத்திய முறைக்காரராக இருந்தாலும் சரி, உங்களை வீட்டில் நிறுத்தி வைத்தால் நம்பாதீர்கள். உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகு உடம்பு தேறுவதற்கும், குடியை விடுவதற்கும் எங்களால் துணை நிற்க முடியும். அப்போது வாருங்கள்.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறோம். மெத்தனால் விஷயத்தில் அந்த அளவு இரண்டு டீஸ்பூன்; கையில் இருக்கும் நேரம் பாதி நாள், மிஞ்சிப் போனால் ஒரு நாள். இந்த இரண்டையும் உங்கள் வீட்டில் மட்டுமல்ல, வேலைக்கு வருகிற அம்மாவிடமும், பாலிஷ் போட வருகிறவரிடமும், தெருமுனை செக்யூரிட்டியிடமும் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொடுத்தாலும் சரிதான். படிக்கத் தெரியாதவராக இருந்தால், 'தெரியாத சரக்கைக் குடித்தால் கண் மங்கும் வரை காத்திருக்காதே, உடனே 108க்கு போன் போடு' என்ற ஒரு வரியைச் சொன்னால் போதும்.